படம் தெளிவாகத்தான் இருந்தது!
மருத்துவப் படப்பிரிவில் தவறுகளைக் கண்டுபிடிக்கும் அறிவியல்



2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஒரு நோயாளியிடமிருந்து விசித்திரமான புகார் வந்தது. சிறிது காலத்திற்கு முன்புதான் அவருக்கு அங்கே தலையில் சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இப்போது தலையின் ஒரு பகுதியில் மட்டும் முடி கொத்தாக உதிர்ந்துவிட்டது என்றார் அவர்.

மருத்துவமனை தன் பதிவுகளைத் திருப்பிப் பார்த்தது. அப்போதுதான் உண்மை வெளியானது. 2008 பிப்ரவரியிலிருந்து 18 மாதங்களாக, ஒரு குறிப்பிட்ட வகை மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 8 மடங்கு அதிகக் கதிர்வீச்சைப் பெற்றிருந்தார்கள். முதல் கணக்கில் அவர்களின் எண்ணிக்கை 206.

இயந்திரம் பழுதடையவில்லை. மின்தடை ஏற்படவில்லை. ஸ்கேன் எடுத்தவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள். படங்களை வாசித்தவர்கள் தேர்ந்த மருத்துவர்கள். அப்படியானால் 18 மாதங்களாக ஏன் ஒருவர் கண்ணிலும் தவறு படவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய பாடம். விடையில் நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலும் கணிதமும் இருக்கின்றன.

அந்த ஸ்கேன் எதற்காக?

பக்கவாதம் வந்திருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் போகவில்லை என்பதை மருத்துவர் உடனே அறிய வேண்டும். அதற்கு உதவுவது மூளை இரத்தவோட்ட சிடி ஸ்கேன். நரம்பு வழியாக அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். அது மூளைக்குள் பாய்ந்து வெளியேறும்வரை, தலையின் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் படமெடுப்பார்கள்.

சாதாரணத் தலை ஸ்கேனில் கதிர்க்கற்றை ஓர் இடத்தைக் கடந்து நகர்ந்துவிடும். இதில் அப்படியில்லை. ஒரே பட்டையின்மீது திரும்பத் திரும்ப விழும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த கதிரையே பயன்படுத்த வேண்டும். மொத்தம் அதிகபட்சமாக 0.5 கிரே இருக்க வேண்டிய இடத்தில், அந்த நோயாளிகளுக்கு 3 முதல் 4 கிரே வரை போயிருந்தது. சுமார் 3 கிரேக்கு மேல் போனால் முடியின் வேர்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கலாம். பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் தேவையில்லாத கதிர்வீச்சு பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்று உயர்த்தும் என்பதால் இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது.

காரணம் என்ன? 2008 பிப்ரவரியில் அந்த ஸ்கேனுக்கான செய்முறை அமைப்பை மாற்றினார்கள். இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பைப் பற்றிய தவறான புரிதலால் அதிகக் கதிர் அளவு உள்ளே பதிந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் பொத்தானை அழுத்தியபோது அதே அளவுதான் வந்தது. ஒருமுறை செய்த பிழையை இயந்திரம் உண்மையாகவும் ஒழுங்காகவும் திரும்பச் செய்துகொண்டிருந்தது.

உடம்புக்கு ஏன் தெரியவில்லை?

8 மடங்கு கதிர் பாய்ந்தால் நோயாளிக்குச் சுடாதா, வலிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 கிரே என்பது 1 கிலோகிராம் திசுவில் 1 ஜூல் ஆற்றல் சேர்வது. ஆகவே 4 கிரே என்றால் ஒரு கிலோவுக்கு 4 ஜூல். நம் உடல் பெரும்பாலும் நீர் என்பதால் நீரின் தன்வெப்பக் கொள்ளளவையே எடுத்துக்கொள்வோம்: ஒரு கிலோவுக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு 4,200 ஜூல்.

வெப்பநிலை உயர்வு = 4 ÷ 4,200 = சுமார் 0.001 பாகை செல்சியஸ்.

ஆயிரத்தில் ஒரு பாகை! நெற்றியில் கை வைத்தால்கூட இதைவிட அதிகமாகச் சூடேறும். எக்ஸ்ரே கதிர்கள் வெப்பத்தால் தீங்கு செய்வதில்லை. அவை அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. இதை உணர நமக்குப் புலன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியாது. திரையில் தோன்றும் எண் ஒன்றே சாட்சி.

அந்த எண் திரையில் இருந்தது. ஆனால் பார்ப்பவருக்கு அது எச்சரிக்கையாகத் தோன்றவில்லை.

மருத்துவருக்கு ஏன் தெரியவில்லை?

இங்கேதான் சுவாரசியமான இயற்பியல் வருகிறது. அந்தப் படங்கள் மோசமாக இல்லை. வழக்கத்தைவிடத் தெளிவாகவே இருந்திருக்கும்!

மழை தூறத் தொடங்கும்போது பள்ளி முற்றத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு சதுரக் கல்லில் 9 துளி விழும், பக்கத்துக் கல்லில் 5, அடுத்ததில் 12. தரை புள்ளி புள்ளியாகத் தெரியும். மழை வலுத்தால் ஒவ்வொரு கல்லிலும் ஏறக்குறைய சமமாக நீர் விழுந்து, தரை முழுவதும் ஒரே சீராக நனைந்துவிடும்.

எக்ஸ்ரே துகள்களான ஃபோட்டான்களும் இந்த மழைத்துளிகளைப் போலத்தான். குறைவாக விழுந்தால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கலக்கம் தெரியும். இதை 'இரைச்சல்' என்பார்கள். ஃபோட்டான்கள் கூடக்கூட இரைச்சல் குறையும். எவ்வளவு குறையும்? கதிர் அளவின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும்.

கதிர் அளவு 8 மடங்கானால், இரைச்சல் √8 மடங்கு குறையும். √8 = 2.8. அதாவது படத்தின் கலக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

பழைய ஃபிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் ஃபிலிம் கறுத்துப்போகும். கெட்டுப்போன ஃபிலிமே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று கணினி படத்தின் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடுகிறது. கதிர் குறைந்தால் படம் கலங்கலாக இருக்கிறது என்று மருத்துவர் குறை சொல்வார். கூடினால் யாரும் குறை சொல்வதில்லை. அழகான படத்தைப் பார்த்து எவர் புகார் எழுதுவார்? இதனால் பல இடங்களில் கதிர் அளவு மெல்ல மெல்ல ஏறும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

ஒரே மாதிரி வந்தால் சரியா?

மூன்றாவது காரணம்தான் மிகவும் நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ளப் பசார் மாலாமுக்குப் போவோம்.

ஒரு கடைக்காரரின் தராசில் ஒன்றும் வைக்காதபோதே முள் 50 கிராமில் நிற்கிறது. நீங்கள் 500 கிராம் மீனை வைத்தால் 550 என்று காட்டும். சந்தேகப்பட்டுப் பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் 550தான். பத்து அளவீடுகளும் அழகாக ஒத்துப்போகின்றன. ஆனால் பத்தும் தவறு.

அறிவியல் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். அளவீட்டுப் பிழை இரண்டு வகை. தற்செயல் பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பல அளவீடுகளின் சராசரியை எடுத்தால் அதன் தாக்கம் குறைந்துவிடும். முறைசார் பிழை எப்போதும் ஒரே திசையில், ஒரே அளவில் வரும். ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது அசையாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நிறை நன்கு தெரிந்த ஓர் எடைக்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து அந்தத் தராசில் வைப்பதுதான்.

லாஸ் ஏஞ்சல்சில் நடந்தது முறைசார் பிழை. இன்றைய நோயாளியின் எண் நேற்றைய நோயாளியின் எண்ணைப் போலவே இருந்தது. நேற்றையது முந்தாநாளையதைப் போல இருந்தது. 'எப்போதும் வரும் எண்தானே' என்ற பழக்கமே கண்ணை மறைத்தது. தவறு தினமும் நடந்தால் அது வழக்கமாகிவிடும். வழக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒரு படப்பிரிவின் தரக் கட்டுப்பாடு முழுவதும் இந்த ஒரு பாடத்தின்மீதுதான் நிற்கிறது: உன்னை உன்னோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதே, வெளியிலிருந்து ஓர் எடைக்கல்லைக் கொண்டுவா.

மூன்று எடைக்கற்கள்

முதல் எடைக்கல், தண்ணீர். பல மருத்துவமனைகளில் நோயாளிகள் வருவதற்கு முன், காலையிலேயே, நீர் நிரப்பிய ஓர் உருளையை சிடி இயந்திரத்தில் வைத்து ஸ்கேன் செய்வார்கள். இத்தகைய மாதிரிப் பொருளுக்குப் 'பேண்டம்' என்று பெயர். சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. சிடி ஸ்கேனை உருவாக்கி, 1979இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்கிறோம். அந்த அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு -1000. நீரின் மதிப்பு தெரிந்ததுதான், அது மாறாது. இயந்திரம் நீருக்கு 0-க்கு மிக அருகில் காட்டாமல் 15 என்று காட்டினால் மாறியது இயந்திரம்தான், நீர் அல்ல.

ஆனால் கவனியுங்கள். இந்தச் சோதனை லாஸ் ஏஞ்சல்ஸ் பிழையைப் பிடித்திருக்காது! கதிர் கூடினாலும் நீர் 0 என்றே காட்டும். ஒரே எடைக்கல் எல்லாப் பிழைகளுக்கும் போதாது.

இரண்டாவது எடைக்கல், மற்ற மருத்துவமனைகள். ஒரு நாட்டில் பல மருத்துவமனைகள் ஒரே வகை ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் கதிர் அளவுகளைத் திரட்டி, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துவார்கள். பொதுவாக அந்த வரிசையின் மூன்றாம் கால்மானத்தை, அதாவது 75 விழுக்காட்டு இடத்தை, ஒப்பீட்டு அளவாக அறிவிப்பார்கள். அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1996இல் 'நோயறி ஒப்பீட்டு அளவு' என்று இதற்குப் பெயரிட்டது. உங்கள் மருத்துவமனையின் வழக்கமான அளவு அதைத் தாண்டினால் உடனே குற்றவாளி என்று பொருளில்லை. 'ஏன்?' என்று ஆராய வேண்டும் என்று பொருள். நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைகள் அதைவிடக் குறைவான கதிரில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன அல்லவா?

இந்த எடைக்கல்லை வைத்திருந்தால் 8 மடங்கு வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவது எடைக்கல், தூக்கியெறிந்த படங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் சில படங்கள் சரியாக அமையாது. மீண்டும் எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு மறுபடமும் நோயாளிக்கு இன்னொரு முறை கதிர்வீச்சு. ஆகவே எறிந்த படங்களை எண்ணி, காரணத்தையும் குறித்துவைப்பார்கள். பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மாதத்தில் எடுத்த படங்கள் 2,400. எறிந்தவை 264. விகிதம் = 264 ÷ 2,400 = 11 விழுக்காடு.

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கை 8 விழுக்காட்டை இலக்காகவும், 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆகவே 11 என்பது ஆராய வேண்டிய எண்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்: நோயாளியைச் சரியாக நிறுத்தாதது 132, நோயாளி அசைந்தது 53, கதிர் அளவு பொருந்தாதது 40, பிற 39. பாதிப் படங்கள் ஒரே காரணத்தால் கெட்டிருக்கின்றன! எல்லாரையும் பொதுவாகக் கண்டித்துப் பயனில்லை. நோயாளியை நிறுத்தும் முறையில் பயிற்சி கொடுத்து, அடுத்த மாதம் மீண்டும் எண்ணுகிறார்கள். 132 என்பது 60 ஆகிறது. மற்றவை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் எறிந்தவை 192. விகிதம் 8 விழுக்காடு.

திட்டமிடு, செய், சரிபார், திருத்து. இந்த நான்கு படிகளும் சேர்ந்த சுழற்சி வால்டர் ஷூவார்ட், எட்வர்ட்ஸ் டெமிங் ஆகிய அமெரிக்கப் புள்ளியியலாளர்களின் சிந்தனையிலிருந்து வளர்ந்தது. தொழிற்சாலைகளில் தொடங்கி இன்று மருத்துவமனைகளிலும் சுழல்கிறது. 'சரிபார்' என்ற மூன்றாம் படியைத் தவிர்த்தால், பயிற்சி பலன் தந்ததா என்பதை எவரும் அறிய முடியாது.

ஒரு சிறு எச்சரிக்கை. விகிதம் 1 விழுக்காடு என்று வந்தால் கைதட்டலாமா? அவசரப்படக் கூடாது. கலங்கலான படங்களையும் 'பரவாயில்லை' என்று ஏற்றுக்கொள்கிறார்களோ என்றும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை நடந்தாலே போதும் என்ற தவறுகள்

இதுவரை பார்த்தது திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. இன்னொரு வகை உண்டு. அது ஒருமுறை நடந்தாலே பேரிழப்பு. அதை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. நடக்கும் முன்பே தடுப்பு போட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எக்ஸ்ரே இல்லை. ஆனால் வலிமையான காந்தம் உண்டு. பல மருத்துவமனைகளில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலம் சுமார் 0.00005 டெஸ்லா. வகுத்துப் பாருங்கள்: 30,000 மடங்கு! அந்தக் காந்தம் ஸ்கேன் எடுக்காத நேரத்திலும், விளக்கணைத்த இரவிலும் இயங்கிக்கொண்டே இருக்கும்.

2001 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் எம்.ஆர்.ஐ. இயந்திரத்திற்குள் படுத்திருந்தான். அவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. அவசரத்தில் அறைக்குள் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை, காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்தால் ஆனது. காந்தம் அதைப் பறித்து இழுத்தது. அடிபட்ட சிறுவன் உயிர் பிழைக்கவில்லை. உதவி செய்ய நினைத்த செயலே உயிரைப் பறித்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 2002இல், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு வழிகாட்டியை வெளியிட்டது. கட்டடத்தை நான்கு மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும் என்றது அது. முதல் மண்டலம் எவரும் நடமாடலாம். இரண்டாவதில் நோயாளியை விசாரித்துச் சோதிப்பார்கள். மூன்றாவதற்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. நான்காவதுதான் காந்தம் இருக்கும் அறை. 'கவனமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், கதவுகளையும் பூட்டுகளையும் வைத்தது. அவசரத்தில் மனிதன் மறப்பான், பூட்டு மறக்காது.

சல்லடைகளின் கதை

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துகளை ஆராய்ந்து ஓர் உவமை சொன்னார். துளைகள் உள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு தடுப்பு. ஒவ்வொன்றிலும் சில துளைகள். பெரும்பாலும் ஒரு துண்டின் துளையை அடுத்த துண்டு மறைத்துவிடும். எல்லாத் துளைகளும் ஒரே கோட்டில் அமையும் நாளில்தான் விபத்து நடக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில் மாவு சலிக்கும் சல்லடைகளை அடுக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியை அடையாளம் காண்பதிலும் சல்லடைகள் உண்டு. காத்திருக்கும் அறையில் இரண்டு லெட்சுமிகள் இருக்கலாம். 'நீங்கள்தானே லெட்சுமி?' என்று கேட்டால் பதற்றத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். அதனால் 'உங்கள் முழுப்பெயர் என்ன? அடையாள அட்டை எண் என்ன?' என்று அவரையே சொல்ல வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். பிறகு எந்தப் பக்கம், எந்த உறுப்பு என்று சரிபார்ப்பார்கள். படத்தில் இடது, வலது குறியீடு வைப்பார்கள். பெண்களிடம் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்பார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்களே என்று அடுத்தமுறை எரிச்சல்படாதீர்கள். அவர்கள் மூன்று சல்லடைகள்.

ஆபத்துக்கு மதிப்பெண்

எந்த ஆபத்தை முதலில் கவனிப்பது? பொறியியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறை படப்பிரிவுகளுக்கும் உதவுகிறது. ஒவ்வோர் ஆபத்துக்கும் மூன்று மதிப்பெண்கள், 1 முதல் 10 வரை: எவ்வளவு கடுமையானது, எவ்வளவு அடிக்கடி நடக்கும், கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். மூன்றையும் பெருக்க வேண்டும். கீழே உள்ள மதிப்பெண்கள் பயிற்சிக்காக நாம் கொடுத்தவை.

நோயாளி அசைந்து படம் கலங்குவது: 2 × 9 × 1 = 18.
இடது, வலது குறியீடு மாறுவது: 6 × 3 × 3 = 54.
செய்முறை அமைப்பில் தவறான கதிர் அளவு பதிவது: 8 × 2 × 9 = 144.

தினமும் தொல்லை தருவது முதலாவது. ஆனால் பட்டியலின் உச்சியில் நிற்பது, அரிதாக நடந்தாலும் கண்ணில் படாத மூன்றாவது. அதை எப்படிக் குறைப்பது? கடுமையைக் குறைக்க முடியாது. ஆனால் அளவு மீறும்போது இயந்திரமே எச்சரித்தால், கண்டுபிடிக்கும் கடினம் 9இலிருந்து 2 ஆகும்: 8 × 2 × 2 = 32.

உண்மையிலும் அப்படித்தான் செய்தார்கள். 2010இல் சிடி இயந்திரத் தயாரிப்பாளர்களுக்கான ஒரு தொழில்தரம் வந்தது. அதன்படி, வரப்போகும் கதிர் அளவு குறித்த எல்லையைத் தாண்டினால், ஸ்கேன் தொடங்கும் முன்பே திரையில் எச்சரிக்கை தோன்ற வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்குப் பரிந்துரைத்த எல்லை 1 கிரே. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2012 ஜூலை 1 முதல் அங்கே ஒவ்வொரு சிடி ஸ்கேனின் கதிர் அளவையும் நோயாளியின் அறிக்கையில் எழுதியாக வேண்டும். திரையில் கேட்பாரற்றுக் கிடந்த எண், இப்போது மருத்துவர் கையெழுத்திடும் தாளுக்கு வந்துவிட்டது.

இன்னொரு தகவலும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் செய்தி வெளியானதும் மற்ற மருத்துவமனைகளும் தங்கள் பதிவுகளைப் பார்த்தன. 2010 நவம்பருக்குள் 6 மருத்துவமனைகளில் குறைந்தது 385 நோயாளிகள் அதிகக் கதிர் பெற்றது தெரியவந்தது. ஒரே ஒரு கவனக்குறைவான ஊழியரைப் பிடித்துத் தண்டித்திருந்தால், மற்ற மருத்துவமனைகள் தங்களைத் தேடிப் பார்த்திருக்குமா? அதனால்தான் நல்ல படப்பிரிவுகளில் 'மயிரிழையில் தப்பியது' என்ற நிகழ்வுகளையும் பயமின்றி எழுதிவைக்கச் சொல்கிறார்கள். தவறான நோயாளி மேசைவரை வந்து, கடைசி நொடியில் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் எந்தச் சல்லடையில் துளை இருக்கிறது என்பதை அது இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அப்படியானால் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மண், பாறை, விண்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்தே உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதில் மிகச் சிறு பங்கே, ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. லாஸ் ஏஞ்சல்ஸ் நோயாளிகளுக்கும் அந்த ஸ்கேன் தேவைப்பட்டது. அந்த அளவுதான் தேவைப்படவில்லை. மருத்துவ உலகம் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கி வைத்திருக்கிறது. இந்த ஸ்கேன் உண்மையிலேயே தேவையா? தேவையென்றால், நோயைக் காண எவ்வளவு குறைந்த கதிர் போதும்?

நம் நாட்டில் கதிர்வீச்சுப் பயன்பாட்டை 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மருத்துவத் துறைக்கான உரிமங்களைச் சுகாதார அமைச்சு கவனிக்கிறது. சிங்கப்பூரில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணி தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் உள்ளது.

நீங்களும் ஒரு சல்லடையாக இருக்கலாம். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, அவருடைய முந்தைய ஸ்கேன் படங்கள் எங்கே எடுக்கப்பட்டன என்று சொல்லுங்கள். அதே ஸ்கேனைத் திரும்ப எடுப்பது தவிர்க்கப்படலாம். உடலுக்குள் இதயமுடுக்கி, உலோகத் தகடு ஏதும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் தெரிவியுங்கள். பெயரைக் கேட்டால் முழுப்பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஏதேனும் வித்தியாசமாகப் பட்டால் கேளுங்கள். 18 மாதங்களாக நிபுணர்கள் கண்ணில் படாததை, தன் முடி உதிர்ந்ததைச் சொல்லிய ஒரு நோயாளியின் குரல்தான் வெளியே கொண்டுவந்தது.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு ஸ்கேனின் கதிர் அளவை 4இல் ஒரு பங்காகக் குறைத்தால், படத்தின் இரைச்சல் எத்தனை மடங்கு கூடும்?

2. ஒரு படப்பிரிவில் மாதம் 1,500 படங்கள் எடுத்து 180 படங்களை எறிந்தார்கள். விகிதம் என்ன? அதை 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவர எத்தனை படங்கள் குறைய வேண்டும்?

3. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முறைசார் பிழை உள்ள கருவி ஏதேனும் இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க எந்த 'எடைக்கல்லை' வெளியிலிருந்து கொண்டுவருவீர்கள்?

விடைகள்: 1. 2 மடங்கு. 2. 12 விழுக்காடு, 60 படங்கள். மூன்றாவதன் விடையை ஆய்வுக்கூடத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். உருகும் பனிக்கட்டியில் வைத்த வெப்பமானி 0 பாகை காட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.